மூடிய பள்ளியும் இழந்த கூலியும்

பள்ளி என்னுஞ் சொல்லுக்குப் படுக்கை, உறைவிடம் என்னும் பொருள்களும் பழந்தமிழில் உள. வகுப்பிலே இதனைப் பலமுறை சொல்லியிருக்கின்றேன். பிள்ளைகளுக்குப் பள்ளி ஓர் உறைவிடமும் ஆகும் என்பதை உணர்ந்ததோ கொரோனாக் காலத்திலேதான்.

2020 மார்ச் 13ஆந் திகதி இலங்கைப் பள்ளிகள் மூடப்பட்டன. யூலையிலே படிப்படியாகத் திறந்தார்கள், ஒக்டோபரில் மூடினார்கள், 2021 ஏப்பிரில் இறுதியிலே பின்னும் மூடினார்கள். உலகெங்கும் 150 கோடிக்கு மேற்பட்ட மாணவரின் கல்வி தடைப்பட்டதென யுனெஸ்கோ கணக்கிட்டது. பிள்ளைகளின் படிப்புக் கெட்டதைப் பலரும் எழுதினர். தாய்மாரின் பிழைப்புக் கெட்டதையோ அத்துணைப்பேர் எழுதவில்லை.

வேலணைப் பக்கத்துத் தாயொருவரை அறிவேன். நீலக்கால் நண்டின் சதை பிரித்தெடுக்கும் நிலையமொன்றிலே நாட்கூலிக்கு வேலை செய்தார். கணவர் விடியுமுன் கடலுக்குப் போபவர். ஊரடங்கு தளர்ந்ததும் நிலையம் திறந்தது, பள்ளி திறக்கவில்லை. பிள்ளைகளுக்கு வயது ஏழும் ஒன்பதும். அம்மம்மா அருகிலிருந்தாற் பார்த்திருப்பார். ஆயின், போரினாற் சிதறிய எம் தீவுகளிலே அருகிலிருக்க உறவினர் எத்தனை பேர்? பள்ளியிற் கிடைத்த ஒருவேளை உணவும் நின்றுபோக, அடுப்பையும் பிள்ளைகளையும் விட்டு அவராற் புறப்பட இயலவில்லை.

வீட்டிலிருந்தது ஒரே கைத்தொலைபேசி. பாடம் அதிலேதான் வந்தது. ஆகவே தகப்பனார் அதனை வீட்டில் வைத்துவிட்டுத் தொழிலுக்குப் போனார். காற்றுக் கிளம்பினால் கரைக்குச் செய்தி சொல்ல வழியில்லை. கடலோரத்தில் வாழ்வோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

குறிகட்டுவானிலே படகேறி நெடுந்தீவுக்குக் கற்பிக்கச் செல்லும் ஆசிரியைமாருக்கும் வீட்டிலே பிள்ளைகள் உண்டு; அவர்களும் இடர்ப்பட்டனர். எனினும் அரசாங்க ஆசிரியர்களாகிய எமக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. அந்தத் தாய்க்கு வேலைக்குப் போகாத நாளிற் கூலியில்லை. 2021 யூலையிலே சம்பள முரண்பாட்டின் பொருட்டு ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலையும் நிறுத்தின. அக்கோரிக்கை நியாயமானதென்றே இன்றும் கருதுகின்றேன். ஆனால் அந்நாட்களில் அவரை வீதியிற் கண்டபோது, என் சைக்கிளை நிறுத்திப் பேச எனக்கு மனம் வரவில்லை.

2021 ஒக்டோபர் 21ஆந் திகதி, 200 மாணவருக்குக் குறைந்த பள்ளிகளின் ஆரம்பப் பிரிவுகளை முதலிலே திறந்தார்கள். தீவகத்துச் சிறு பள்ளிகளுக்கு, சிறியனவாயிருந்ததனால் ஒருமுறையேனும் நன்மை வந்தது! அந்தத் தாய் பிள்ளைகளை வாயிலில் விட்டுவிட்டு நேரே நண்டு நிலையத்துக்குச் சென்றார். அவருடைய இடத்திலே வேறொருத்தி இருந்தாள்.

“அவளுக்கும் பிள்ளையள் இருக்கு, மாஸ்ரர்” என்றார் என்னிடம். இப்போது கருவாடு காயவிடும் வேலைக்குப் போகின்றார், அழைக்கின்ற நாட்களில் மட்டும்.