கத்தரி வைக்கும் முன்: துணி வீணாகாமல் தைப்பது எப்படி?



உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வீண்விரயம் செய்யாதீர்கள் என்று அல்லாஹ் அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தில் கட்டளையிடுகிறான். அதே வசனம் ஆடையைப் பற்றிய சொல்லோடுதான் தொடங்குகிறது. சோற்றில் ஒரு பருக்கை வீணானாலும் கண்டிக்கும் நாம், தையல் மெஷினுக்கு அடியில் குவியும் வெட்டுத்துண்டுகளைக் கவனிப்பதில்லை. நாட்றாம்பாளையத்தில் வீட்டிலிருந்தே தைத்துச் சம்பாதிக்கும் சகோதரிகளுக்கு அது காசு. கால் மீட்டர் போதவில்லை என்றால் அதே நிறத் துணிக்காக அஞ்செட்டிக்கோ ஓசூருக்கோ பஸ் ஏற வேண்டும்.

ஆடை வெட்டும்போது துணியில் சுமார் 15 விழுக்காடு துண்டுகளாகக் கழிகிறது என்பது ஆயத்த ஆடைத் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இரண்டரை மீட்டரில் இது ஏறக்குறைய 37 செ.மீ. இந்த இழப்பு தைக்கும்போது வருவதல்ல, வெட்டும்போதே முடிவாகிவிடுகிறது. வளைவாக வெட்டினால் இரண்டு வளைவுகளுக்கு நடுவில் உள்ள துணி எதற்கும் ஆகாது. நேராக வெட்டினால் ஒரு துண்டின் ஓரமே அடுத்த துண்டின் ஓரமாகிவிடும். ஜப்பானியரின் கிமோனோ ஏறத்தாழ 36 செ.மீ. அகலமுள்ள ஒரே சுருளிலிருந்து நேர்த்துண்டுகளாக வெட்டப்படுவதால் அதில் மிச்சமே விழுவதில்லை.

நம் முன்னோர் அணிந்த பழைய முறை ஜுப்பாவும் இதே கணக்குதான். உடலுக்கு ஒரு நீள்சதுரம், கைகளுக்கு இரண்டு, கக்கத்துக்கு இரண்டு சிறு சதுரங்கள், பக்கங்களில் விரிவுக்காக உருது பேசும் வீடுகளில் 'கலி' என்று சொல்லும் சாய்வுத்துண்டுகள். கக்கத்தில் 4 அங்குலச் சதுரத்தை மூலைவாட்டில் வைத்துத் தைத்தால் கையைத் தாராளமாகத் தூக்கலாம், தோளில் வளைவு வெட்ட வேண்டியதில்லை. கழுத்து வெட்டில் விழும் துண்டு மட்டுமே மிஞ்சும்.

கலி வெட்டும் முறை இது. 12 அங்குல அகலமும் 20 அங்குல நீளமும் உள்ள துண்டை எடுங்கள். மேல் ஓரத்தில் இடப்பக்கமிருந்து 3 அங்குலத்தில் ஒரு புள்ளி, கீழ் ஓரத்தில் வலப்பக்கமிருந்து 3 அங்குலத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டையும் ஒரே கோட்டால் இணைத்து வெட்டினால் இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் இரண்டுமே மேலே 3, கீழே 9 அங்குலமாக இருக்கும். ஒரு நூலும் வீணாகாது. துணியை இரண்டாக மடித்து வெட்டினால், இடமும் வலமுமாக நான்கு கலிகள் ஒரே வெட்டில் வந்துவிடும். சாய்வு ஓரம் இழுபடும் என்பதால் அதை நேர் ஓரத்தோடு சேர்த்துத் தையுங்கள், தொங்காது. பூக்கள் ஒரே பக்கம் பார்த்திருக்கும் துணிக்கும் வெல்வெட்டுக்கும் இந்த முறை ஒத்துவராது. ஒரு கலி தலைகீழாகத் தெரியும்.

வெட்டும் முன் பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். எல்லாத் துண்டுகளையும் பழைய செய்தித்தாளில் வெட்டித் துணிமேல் பரப்புங்கள். பெரியதை முதலில், சிறியதை இடைவெளிகளில் வையுங்கள். கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் 'மார்க்கர்' என்று சொல்வது இதைத்தான். எல்லாம் அடங்கிய பிறகே கத்தரியைத் தொடுங்கள்.

இதில் மார்க்கச் சட்டம் சார்ந்த ஒரு பொறுப்பும் உண்டு. தைக்கக் கொடுத்த துணி நம்மிடம் உள்ள அமானத். அதில் மிஞ்சியதும் கொடுத்தவருடையதே. அரை மீட்டர் மிஞ்சினால் ஆடையோடு மடித்துக் கொடுங்கள். வேண்டுமென்றால் கேட்டு, அவர் மனமுவந்து தந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். "எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டார்" என்ற பேச்சு ஒருமுறை எழுந்தால், அந்த வீட்டுத் துணி மறுபடி நம் வாசலுக்கு வராது. மறுமைக் கணக்கு அதைவிடப் பெரியது.

அனுமதியோடு சேரும் சிறு துண்டுகளையும் எறிய வேண்டாம். குர்ஆனுக்கு ஜுஸ்தான், மதரஸா பிள்ளைகளுக்குப் பை, தொப்பிக்கு உள்துணி தைக்கலாம். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஹளியாள், எல்லாப்பூர், முண்ட்கோடு பகுதிகளில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளி சித்தி மக்களில் முஸ்லிம்களும் உள்ளனர். அங்குள்ள பெண்கள் பழைய சேலையை விரித்து, அதன்மேல் துண்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சாதா ஓட்டுத்தையலால் கையாலேயே தைத்து 'கவந்தி' என்ற போர்வையாக்குகிறார்கள். அதற்கு மெஷினும் வேண்டாம், புதுத் துணியும் வேண்டாம். நம் மலையோரக் குளிருக்கு அப்படி ஒரு போர்வை வீட்டுக்கு ஒன்று இருந்தால் நல்லதுதானே!

நம் தையல் வகுப்புக்கு வரும் சகோதரிகள் செய்தித்தாளும் அளவு நாடாவும் கொண்டு வாருங்கள். முதலில் தாளில் வெட்டிப் பழகுவோம், பிறகு துணிக்கு வருவோம், இன்ஷா அல்லாஹ். நம் உழைப்பிலும் வருவாயிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

செயலாளர்