எக்ஸோஸ் ஒலி: எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது?

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய சில மாதங்களில் பல இளைஞர்களுக்கு ஒரு மனக்குறை வந்துவிடுகிறது. வண்டி பார்வைக்குப் புலிபோல் இருக்கிறது. குரல் மட்டும் பூனைக்குரலாக இருக்கிறதே என்பதுதான் அது. கடையில் முழு எக்ஸோஸ் வாங்கிப் பூட்ட ஆயிரக்கணக்கான வெள்ளி வேண்டும். அந்தப் பணம் கையில் இல்லாதவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை ஜாக்கியில் தூக்கி, அடியில் படுத்து, பின்னால் தொங்கும் பெரிய டப்பாவை அறுத்துப் போட்டுவிடுகிறார். அன்று மாலைக்குள் தாமான் முழுவதற்கும் அவர் யார் என்று தெரிந்துவிடுகிறது.

சத்தம் கூடியது உண்மைதான். ஆனால் நல்ல ஒலி கிடைத்ததா? பெரும்பாலும் இல்லை. நல்ல எக்ஸோஸ் ஒலி என்பது, எஞ்சின் எழுப்பும் எல்லா ஓசைகளிலிருந்தும் வேண்டாதவற்றைக் கழித்த பிறகு மிஞ்சி நிற்பது. டப்பாவை அறுத்து எறிபவர் எதையும் கழிப்பதில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிடுகிறார்.

குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போருக்கு இது எளிதில் விளங்கும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை எரிகிறது. வெளியேற்று வால்வு திறக்கும்போதெல்லாம் உள்ளே அடைபட்டிருந்த சூடான வாயு அழுத்தத்தோடு குழாய்க்குள் பாய்கிறது. அந்தத் துடிப்பிலிருந்துதான் ஒலி பிறக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுழற்சியில் ஓடினால் விநாடிக்கு 100 துடிப்புகள், அதாவது 100 ஹெர்ட்ஸ். அதே வேகத்தில் ஆறு சிலிண்டருக்கு 150, எட்டு சிலிண்டருக்கு 200. ஆகவே நான்கு சிலிண்டர் வண்டியின் குழாயை எவ்வளவு வெட்டினாலும் அது வி8 போல் உறுமப் போவதில்லை.

துடிப்புகள் எந்த இடைவெளியில் வந்து சேருகின்றன என்பதும் முக்கியம். பழைய சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் கார்களின் 'டுகுடுகு' ஒலி பலருக்கும் பழக்கமானது. எஞ்சினின் இரண்டு பக்கங்களிலிருந்தும் வரும் குழாய்கள் சம நீளத்தில் இல்லாததே அதற்குக் காரணம். சம நீளக் குழாய் மாட்டியவுடன் அந்தக் குரல் போய்விடுகிறது. ஒலிக்காகக் காசு செலவழித்து, இருந்த ஒலியையும் தொலைத்தவர்கள் உண்டு.

வாயு வெளியே வரும் வழியில் மூன்று நிலையங்கள் இருக்கின்றன. முதலில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய இது, கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வாயுக்களை மாற்றி அனுப்புகிறது. இதில் கை வைக்கவே கூடாது. அடுத்தது ரெசனேட்டர் என்ற சிறிய உருளை. காதைக் கீறும் கரகரப்பை இது குறைக்கிறது. கடைசியில் மஃப்ளர். தொழிற்சாலை மஃப்ளர்கள் பலவற்றின் உள்ளே அறைகளும் தடுப்புகளும் இருக்கும். ஒலியலைகள் அவற்றில் மோதித் திரும்பி, ஒன்றையொன்று அடித்து அடங்கிவிடும். கடைகளில் விற்கும் நேர்வழி மஃப்ளரோ வேறு விதமானது. நடுவில் துளையிட்ட குழாயும் அதைச் சுற்றிக் கண்ணாடி இழையும் இருக்கும். உயர்ந்த சுருதி ஓசைகளை இழை நன்றாக உறிஞ்சிவிடும். தாழ்ந்த உறுமலை அவ்வளவாக உறிஞ்சாது. அதனால்தான் அதன் குரல் கனத்து ஒலிக்கிறது.

இந்த விஷயத்தில் கார் நிறுவனங்களைக் குறை சொல்வது முழு நியாயமாகாது. 1989இல் வெளிவந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்ளலாம். பழைய பிரிட்டிஷ் திறந்த கார்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட அந்தச் சிறிய வண்டிக்கு, அவற்றின் குரலும் ஓரளவு வர வேண்டும் என்று மாஸ்டா பொறியாளர்கள் எக்ஸோஸைச் சுருதி சேர்த்தார்கள். அதிலும் திருப்தி அடையாத உரிமையாளர்கள் பின் மஃப்ளரைக் கழற்றி வெறும் குழாயைப் பூட்டிப் பார்ப்பது உண்டு. முதல் பத்து நிமிடம் ஆனந்தம். நெடுஞ்சாலையில் ஏறியபின்தான் தலைவலி ஆரம்பமாகிறது.

அந்தத் தலைவலிக்குக் கணக்கு இருக்கிறது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5, ஐந்தாம் கியரில் மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும்போது எஞ்சின் ஏறக்குறைய 3,600 சுழற்சியில் இருக்கும். நான்கு சிலிண்டருக்கு அது 120 ஹெர்ட்ஸ். இந்தத் தாழ்ந்த ஒலி காருக்குள் புகுந்து, ஒரே சீராக 'ஊஊ' என்று காதை அழுத்திக்கொண்டே இருக்கும். ஈப்போவுக்குப் போய்ச் சேர்வதற்குள் பக்கத்தில் இருப்பவரோடு பேசவே மனம் வராது. புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ போன்ற மற்ற நான்கு சிலிண்டர் வண்டிகளுக்கும் இதே கணக்குத்தான். கியர் விகிதத்துக்கு ஏற்ப வேகம் மட்டும் மாறும்.

இந்த ஒரு சுருதியை மட்டும் கழிக்க வழி உண்டு. ஒரு முனை அடைத்த கிளைக்குழாய் ஒன்றைப் பிரதானக் குழாயின் பக்கத்தில் பற்றவைக்க வேண்டும். அதன் நீளம் அந்த ஒலியலையின் நீளத்தில் நான்கில் ஒரு பங்காக இருக்க வேண்டும். அலை கிளைக்குள் போய், அடைத்த முனையில் மோதித் திரும்பி வருவதற்குள் அரை அலை கடந்துவிடும். ஆகவே புதிதாக வரும் அலைக்கு எதிர்மாறாக நின்று அதை அழித்துவிடுகிறது. சாதாரணக் காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 300 டிகிரி செல்சியஸ் சூடான வாயுவிலோ ஏறக்குறைய 480 மீட்டர். அதை 120ஆல் வகுத்தால் அலையின் நீளம் 4 மீட்டர். அதில் கால் பங்கு 1 மீட்டர். குளிர்ந்த காற்றின் கணக்கைப் போட்டுக் குழாயை 70 சென்டிமீட்டரில் வெட்டியவருக்குப் பலன் கிடைக்காமல் போவது இதனால்தான். முதலில் சற்று நீளமாக விட்டு, ஓட்டிப் பார்த்துக் குறைத்துக்கொண்டே வருவது நல்லது.

வீட்டில் செய்யக்கூடியது எது? குறைந்த ஆபத்து உள்ளது, தொழிற்சாலை ரெசனேட்டரையும் கன்வெர்ட்டரையும் அப்படியே விட்டு, பின் மஃப்ளரை மட்டும் அதே குழாய் விட்டமுள்ள நேர்வழி மஃப்ளராக மாற்றுவது. உடல் நீளமாக உள்ள மஃப்ளரே நன்றாக அடக்கும். கையளவு டப்பாவும் தட்டளவு வாயும் கொண்டவை கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். குழாயைப் பெரிதாக்கினால் சக்தி கூடும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. அளவுக்கு மீறி அகலமான குழாயில் வாயுவின் ஓட்டம் தளர்ந்து, தாழ்ந்த சுழற்சியில் இழுவை குறைவதும் உண்டு.

தொழிற்சாலை மஃப்ளரையே திருத்துவது இரண்டாவது வழி. போர்ஷே 911 உரிமையாளர்கள் சிலர், மஃப்ளருக்குள் நுழையும் குழாயையும் வெளியே வரும் குழாயையும் ஒரு சிறிய இணைப்புக் குழாயால் சேர்த்துப் பற்றவைக்கிறார்கள். வாயுவில் ஒரு பகுதி அறைகளுக்குள் போகாமல் நேரே வெளியேறுகிறது. இணைப்புக் குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு சத்தம். செலவு குறைவு, ஆனால் வெட்டியதை ஒட்டுவது எளிதல்ல. சில வண்டிகளில் வெட்டவும் வேண்டியதில்லை. 2005இல் வெளிவந்த ஆஸ்டன் மார்ட்டின் வி8 வான்டேஜில் எக்ஸோசுக்குள் வால்வு உண்டு. மெதுவாகப் போகும்போது அது மூடியிருக்கும். 22ஆம் எண் ஃபியூஸைக் கழற்றினால் எப்போதும் திறந்தே இருக்கும். இந்த இரகசியம் அந்தக் கார்க்காரர்களிடையே வெகு பிரசித்தம்.

வேலையில் இறங்குவோர் எஞ்சின் முற்றிலும் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சமதளத்தில், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போவது தற்கொலைக்குச் சமம். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவைப்பது நல்லது. தொங்கும் ரப்பர்களைக் கழற்ற சவர்க்கார நீர் தடவினால் போதும். துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயைப் பற்றவைக்கக் கூடாது. அதிலிருந்து எழும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுவதும், பெட்ரோல் தொட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வதும் கட்டாயம். இதில் அனுபவம் இல்லாதவர் குழாயை அளந்து வெட்டிக் கொடுத்துவிட்டு, பற்றவைப்பைப் பட்டறையில் விடுவதே புத்திசாலித்தனம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கசிவு. ஒலிக்காகக் கழற்றிப் பூட்டிய ஒவ்வோர் இணைப்பும் கார்பன் மோனாக்சைடு கசியக்கூடிய ஓர் இடம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், தூக்கம், பிறகு மரணம். தீபாவளிக்கு ஊர் திரும்பும் நெரிசலில், ஏர்கான் போட்டு, கண்ணாடிகளை ஏற்றி, பின் இருக்கையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, தரைக்கு அடியில் கசியும் குழாய் என்ன செய்யும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் தூங்குகிறார்களா, மயங்கிவிட்டார்களா என்று ஓட்டுபவருக்குத் தெரியாது.

சோதிப்பது சிரமமில்லை. குளிர்ந்த எஞ்சினை வெளித் திடலில் கிளப்பி, இன்னொருவர் கனத்த கையுறையோடு துணியால் வால் முனையைச் சில விநாடிகள் மறைக்க வேண்டும். இணைப்புகளில் சவர்க்கார நீர் தெளித்தால் கசியும் இடத்தில் குமிழி வரும். 'புஸ்' என்ற ஓசையும் கேட்கும். கழற்றிய இணைப்புக்குப் பழைய கேஸ்கெட்டை மறுபடியும் போடக் கூடாது. வால் முனை வண்டியின் உடலைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும். பம்பருக்கு அடியிலேயே நின்றுவிடும் குழாயின் புகை, வண்டிக்குப் பின்னால் உண்டாகும் சுழல் காற்றில் சிக்கி உள்ளே வரலாம்.

அண்டை வீட்டாரின் காது அடுத்தது. எஞ்சினைக் கிளப்பிய முதல் நிமிடத்தில், கன்வெர்ட்டரை விரைவில் சூடாக்குவதற்காகச் சுழற்சி தானாகவே உயர்ந்து நிற்கும். ஆகவே விடியற்காலை ஐந்தரை மணிக்கு வரிசை வீட்டுத் தாழ்வாரத்தில் எழுவதுதான் அந்த வண்டியின் மிக மோசமான சத்தம். ஒலி 10 டெசிபல் கூடினால் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். ஃபோர்ட் மஸ்டாங் காரின் கதை இதற்குப் பொருத்தம். அந்நிறுவனத்தின் உயர் பொறியாளர் ஒருவர் காலையில் தம் வீட்டிலிருந்து காரைப் பின்னோக்கி எடுத்தபோது, பக்கத்து வீட்டார் போலீசை அழைத்துவிட்டார். அதன் பிறகு 2018 மாடல் மஸ்டாங்கில், குறித்த நேரங்களில் அமைதியாகக் கிளம்பும் ஏற்பாடு ஒன்று சேர்க்கப்பட்டது.

சட்டமும் சும்மா இருப்பதில்லை. மலேசியாவில் மோட்டார் வாகன ஒலிக்கென்றே 1987இல் விதிமுறைகள் இயற்றப்பட்டன. அளவுக்கு மீறிய எக்ஸோசுக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவும் போலீசாரும் சம்மன் கொடுக்கிறார்கள். சிங்கப்பூரிலோ எக்ஸோஸ் மாற்றத்துக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். கழற்றிய பழைய மஃப்ளரை இரும்புக் கடைக்குப் போடாமல் வீட்டின் பின்புறம் வைத்திருப்பது நல்லது. சோதனைக்கும், வண்டியை விற்கும்போதும் அது தேவைப்படும். புதிய குழாய் சில முறை சூடேறி ஆறியபின் கிளாம்புகள் தளரும் என்பதால், நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும் அடியில் படுத்து எல்லா இணைப்புகளையும் இறுக்கிவிட வேண்டும்.