ஈரம் இருந்தால்தான் உரம்

மார்கழி பாதியிலேயே மழை நின்றுவிட்டது. சோளம் அப்போதுதான் கதிர் வாங்கியிருந்தது. குமாரலிங்கபுரத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் கரிசல் புஞ்சை. கிணறு கிடையாது, முழுக்க மானாவாரி. அதில் அரை ஏக்கருக்கு மட்டும் நிரைகளுக்கு நடுவே தட்டையும் தழையும் பரப்பி மூடாக்குப் போட்டிருந்தேன். மழை நின்று இருபதாவது நாள் வெறும் மண்ணில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. மூடாக்கை விலக்கிப் பார்த்தேன். கீழே கரிசல் கறுப்பு மாறாமல் குளிர்ந்து கிடந்தது. ஒரு கை மண்ணை அள்ளிப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நின்றது. அந்தத் தை மாதம் அரை ஏக்கரில் கதிர் முட்டி நின்றது. மற்ற இடத்தில் பாதிக்குப் பாதி பதர்.

ஈரம் இருந்தால்தான் உரம் என்ற பாடத்தைப் படிக்க எனக்கு ஒரு வெள்ளாமை பலியானது. சில வருஷத்துக்கு முன்னால், சோளம் முழங்கால் உயரம் இருக்கும்போது, மழை வரும் என்று நம்பி ஒரு மூட்டை யூரியாவைக் காய்ந்த மண்ணில் வீசிவிட்டேன். மூன்று வாரம் சொட்டு மழை இல்லை. பயிர் நுனி கருகிச் சுருண்டது. வேர் எந்தச் சத்தையும் தண்ணீரில் கரைந்தால்தான் குடிக்கும். மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே கிடக்கும் யூரியாவில் ஒரு பகுதி, அதுவும் கரிசல் போன்ற காரத்தன்மையுள்ள மண்ணில், அமோனியாவாகிக் காற்றோடு போய்விடும். காசு கொடுத்து வாங்கிக் காற்றுக்கு உரம் போட்டிருக்கிறேன்.

எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறத்தாழப் பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே கொட்டித் தீர்ந்துவிடும். பயிர் கதிர் பிடிக்கும் நேரத்தில் வானம் வெளுத்துவிடும். அந்தக் கடைசி முப்பது, நாற்பது நாளைக்குப் பயிருக்குச் சோறு போடுவது மண்ணுக்குள் இருக்கும் ஈரம்தான். கரிசல் நிறையத் தண்ணீர் குடிக்கும். ஆனால் காய்ந்தால் பிளந்துகொள்ளும். அந்தப் பிளவு வழியே அடிமண் ஈரமும் ஆவியாகும், வேரும் அறுபடும். வெயிலும் காற்றும் நேராக மண்ணில் படாமல் தடுப்பதுதான் மூடாக்கின் வேலை.

இது நம்ம ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. குஜராத்தில் அகமதாபாத்துக்கும் காம்பாத் வளைகுடாவுக்கும் இடையில் பால் என்றொரு பகுதி உண்டு. அங்கேயும் கறுப்பு மண்தான். மழைக்காலத்தில் வயலில் தண்ணீரைத் தேங்கவிட்டு, அது வடிந்ததும் கோதுமை விதைக்கிறார்கள். அதற்குப் பிறகு பாசனமே இல்லை, மண் பிடித்துவைத்த ஈரத்திலேயே விளைகிறது. அந்தப் பாலியா கோதுமைக்கு 2011இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பஞ்சாபில் நெல் தாளைக் கொளுத்தாமல், அதற்கு நடுவிலேயே கோதுமையை விதைக்க ‘ஹேப்பி சீடர்’ என்ற கருவி வந்திருக்கிறது. அந்தத் தாளே மூடாக்காகிவிடுகிறது. கோதுமைக்குக் குளிர் வேண்டும், நம்ம வெக்கைக்கு அது தோதுப்படாது. ஆனால் அங்கே கோதுமைக்குச் செய்வதை இங்கே சோளத்துக்கும் கம்புக்கும் பருத்திக்கும் செய்யலாம்.

மூடாக்கு மட்டும் போதாது, எருவும் வேண்டும். கோவில்பட்டி, அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையங்கள் மானாவாரிக்கென்றே வேலை செய்கின்றன. வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் ‘ஊட்டமேற்றிய தொழுஉரம்’ என் கைக்கு வந்த வழி. ஏக்கருக்கு 300 கிலோ மக்கிய குப்பையோடு ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ, சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, ஈரம் தெளித்து நிழலில் குவித்து, ஒரு மாதம் மூடிவைக்க வேண்டும். சூப்பரைத் தனியாகப் போட்டால் கரிசலில் இருக்கும் சுண்ணாம்பு மணிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். குப்பையோடு போனால் வேருக்குக் கிடைக்கும். தழைச்சத்துக்கு ஏக்கருக்கு 35 கிலோ யூரியா போதும், அதையும் மண்ணில் ஈரம் இருக்கும்போது மட்டும்.

எங்கள் மைத்துனர் ஒருநாள் வரப்பில் நின்று கேட்டார்: “மச்சான், தட்டையை மாட்டுக்குப் போடாம மண்ணுக்குப் போடுறீங்களே, மாடு எதைத் திங்கும்?” நியாயமான கேள்வி. நல்ல தட்டை மாட்டுக்குத்தான். ஏக்கருக்கு இரண்டு டன் மூடாக்கு வேண்டும் என்பார்கள். அவ்வளவுக்கு எங்களுக்கு வக்கில்லை. மாடு கழித்துப் போட்ட தட்டை, விதை பிடிக்கும் முன்னால் பிடுங்கிய களை, பழைய கூரை ஓலை, வரப்பில் வளர்த்த கிளைரிசிடியா தழை, இவைதான் என் அரை ஏக்கரை மூடின. பயிர் முளைத்து இரண்டு மூன்று வாரம் கழித்து, தண்டை ஒட்டாமல், இரண்டு அங்குல கனத்தில் பரப்பினேன். மேலாகப் பரப்பினால் போதும். மக்காத தட்டையை மண்ணுக்குள் உழுதுவிட்டால், அதை மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் பயிருக்கு உரிய தழைச்சத்தைத் தின்றுவிடும், இலை மஞ்சளாகும். தழை கிடைக்காத இடத்தில் சோளத்துக்கு நடுவே தட்டாம்பயறு போட்டேன். அதுவே படர்ந்து மண்ணை மூடியது, வீட்டுக்குப் பயறும் ஆயிற்று.

பருத்திமாரை அப்படியே காட்டில் விட்டுவைக்கக் கூடாது, காய்ப்புழு அதில் தங்கும். அதற்காகக் கொளுத்தவும் வேண்டாம். பொடியாக நறுக்கிக் குழியில் சாணியோடு போட்டால் அடுத்த வருஷத்துக்குக் குப்பை.

வரும் மாசி, பங்குனியில் அருப்புக்கோட்டைப் பக்கம் வந்தால் காட்டுக்குக் காடு புகை எழும்புவதைப் பார்க்கலாம். அதில் எரிவது அடுத்த புரட்டாசிக்கான குப்பையும் மூடாக்கும். தீக்குச்சியை எடுக்கும் முன்னால் கொஞ்சம் தட்டையை எடுத்துவைத்து, அடுத்த வெள்ளாமையில் ஒரு மூலையில் கால் ஏக்கரை மட்டும் மூடிப் பாருங்கள். மார்கழிக் கடைசியில் இரண்டு இடத்திலும் ஒரு கை மண் அள்ளிப் பிடித்துப் பாருங்கள். எந்த மண் உருண்டை பிடிக்கிறதோ, அந்த மண்ணில்தான் நீங்கள் போட்ட உரம் இருக்கிறது.