18 மணி நேரம் அடக்கி வந்தவர்கள்

மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போய்த் திரும்பும் அம்மாக்கள் வருஷம் தவறாமல் என்னிடம் வருகிறார்கள். ஊர் வந்த மறுநாளே குளிர்காய்ச்சல், முதுகுவலி, சொட்டுச் சொட்டாய் எரிச்சலோடு சிறுநீர். மருந்துக்கடை மாத்திரையில் மூன்று நாள் ஓட்டிவிட்டு, நடுக்கம் தாங்காத பிறகே இங்கே வருவது. வழியில் எத்தனை முறை சிறுநீர் கழித்தீர்கள் என்று கேட்டால், "அந்த பாத்ரூமுக்குள்ள மனுஷங்க போவாங்களா டாக்டர்? அதான் தண்ணியே குடிக்கல" என்று பெருமையோடு பதில் வருகிறது.

அருவருப்பு வேறு, ஆபத்து வேறு

விமானக் கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்தால் சிறுநீர்த் தொற்று வரும் என்பது பொய். அந்தக் கிருமி பெரும்பாலும் நம் குடலிலிருந்தே வருகிறது. பால்வினை நோயும் இருக்கையிலிருந்து தொற்றாது. தொடைத் தோல் நல்ல காவல்காரன்.

இந்தப் பயத்தால் நாம் செய்வதுதான் கெடுதல். இருக்கையில் படாமல் அரைகுறையாகக் குந்தி நின்றால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது. பிரிட்டனில் 1991இல் வெளிவந்த ஆய்விலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். சிலர் இருக்கை மேலேயே ஏறிக் குத்தவைக்கிறார்கள். விமானம் ஒரு குலுக்கு குலுக்கினால் இடுப்பெலும்பு என்னாகும்? தண்ணீர் விடும் பொத்தானை அழுத்தினால் ஆளையே உள்ளே இழுத்துவிடும் என்றும் ஒரு பயம். 1982 முதல் விமானங்களில் இருக்கும் உறிஞ்சு கழிப்பறை அது, சத்தம்தான் பெரிது. எழுந்து, மூடியைக் கவிழ்த்துவிட்டு அழுத்துங்கள், போதும்.

உண்மையான ஆபத்து கையில் இருக்கிறது. தாழ்ப்பாள், குழாய், தண்ணீர் விடும் பொத்தான் இவற்றிலிருந்து வாய்க்குப் போகும் நோரோவைரஸ் வாந்தியும் பேதியுமாகப் படுக்கப் போட்டுவிடும். பையில் சானிடைசர் இருக்கிறதே என்பீர்கள். நோரோவைரஸ் அதற்கு அவ்வளவாக அசையாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். பல விமானங்களில் ஒரு கையால் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் குழாயில் தண்ணீர் வரும். இரண்டு கையையும் எப்படித் தேய்ப்பது? வடிவமைத்தவர் அதில் கை கழுவிப் பார்த்ததில்லை போலும். கதவே வைக்காமல் வளைந்து நுழையும் சுவர் கட்டிய விமான நிலையங்கள் எவ்வளவோ மேல். அங்கே கழுவிய கையால் எந்தக் கைப்பிடியையும் தொட வேண்டியதில்லை.

இந்தப் பயங்களில் ஒன்று மட்டும் நிஜம்: விமானக் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், வாயும் கொப்பளிக்காதீர்கள்.

தண்ணீர் குடிக்காத தவம்

விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. அங்கே தண்ணீரையும் நிறுத்தினால் சிறுநீர் கெட்டியாகி எரிக்கிறது. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. கழிப்பறைக்கு எழுந்து போய் வருவதே காலுக்கு நல்ல பயிற்சி. ரத்த அழுத்தக்காரர்கள் சிலர் நீர் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு விமானம் ஏறுகிறார்கள், இறங்கும்போது மூச்சு வாங்குகிறது. யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்?

அப்பாக்களின் கதை இன்னொன்று. தூக்கம் வரட்டுமென்று சளி மாத்திரை போட்டுக்கொள்வார்கள். புராஸ்டேட் வீங்கியவருக்கு அது சிறுநீரை அடைத்துவிடும். வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்து குழாய் செருகிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடை மாத்திரை

பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட ஆன்டிபயாட்டிக் உங்களுக்குக் கேட்காமல் போகலாம். இரண்டு நாள் போட்டு எரிச்சல் அடங்கியதும் நிறுத்துவது, கிருமிக்கு நாமே பயிற்சி கொடுப்பது. சிறுநீர்ப் பரிசோதனையும் கல்ச்சரும் மாத்திரைக்கு முன்பே கொடுக்க வேண்டும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

பிள்ளைகளே, டிக்கெட் போடும்போது அம்மாவுக்கு நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள். கழுவிக்கொள்ள ஒரு சின்ன பாட்டிலும், சிந்தியதைத் துடைக்க டிஷ்யூவும் பையில் வையுங்கள். தயவுசெய்து வெறுங்காலோடு உள்ளே போகவிடாதீர்கள். விமானக் கழிப்பறைக் கதவு பெரும்பாலும் நடுவில் தள்ளினால் மடங்கும், தாழ் போட்டால்தான் விளக்கு முழுதாக எரியும். இது தெரியாமல் இருட்டென்று திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். சக்கர நாற்காலி கேட்டுப் போகும் அம்மாக்கள், தள்ளுகிறவரிடம் சொல்லக் கூசி, ஒரு வாசலிலிருந்து மறு வாசல்வரை அடக்கிக்கொண்டே போகிறார்கள். 'கழிப்பறைக்குப் போக வேண்டும்' என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதி, பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கையில் கொடுத்தனுப்புங்கள்.