ஏழு முகங்கள், நான்கு பெட்டிகள்

மொரீஷியஸ் நாட்டின் நூறு ரூபாய் நோட்டில் சிரிக்கும் முகம் ஒரு தமிழருடையது. ரங்கநாதன் சீனிவாசன், கல்வி அமைச்சராக இருந்தவர், 1958-இல் காலமானவர். நோட்டின் மதிப்பு தமிழிலும் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தமிழ் எழுத்தின் படம் நம் கைப்பேசிகளில் அடிக்கடி சுற்றுகிறது, பார்த்துப் பெருமைப்படுகிறோம். நூறோடு நிறுத்திவிடாமல் மற்ற நோட்டுகளையும் மேஜையில் பரப்பிப் பார்க்கலாம். 25-இல் சீன வழிவந்த ஆ-சுவன். 50-இல் பிரெஞ்சு வழிவந்த பத்தூரோ. 200-இல் முஸ்லிம் தலைவர் அப்துல் ரசாக் முகமது. 500-இல் சுக்தேவ் பிசுந்தயால். ஆயிரத்தில் கிரியோல் தலைவர் காயத்தான் துவால். இரண்டாயிரத்தில் முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம். யாரையும் விட்டுவிடாமல் எண்ணி வைத்த வரிசை அது.

இப்படி எண்ணிப் பார்க்கும் பழக்கம் அந்த நாட்டுக்கு எப்படி வந்தது என்று தெரிய வேண்டுமானால் 1968-க்குப் போக வேண்டும்.

ஆப்பிரிக்கக் கரைக்குக் கிழக்கே, மடகாஸ்கரையும் தாண்டி, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் சின்னத் தீவு. மண்ணின் மைந்தர் என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை. எல்லோரும் கப்பலில் வந்தவர்கள்தான். டச்சுக்காரர்கள் வந்து போனார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்களே கிரியோல்கள். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை அழைத்துப்போய்த் துறைமுக நகரைக் கட்டினார்கள். 1810-இல் தீவைப் பிடித்த ஆங்கிலேயர், 1835-இல் அடிமைமுறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கினார்கள். நான்கரை லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். பிறகு சீன வணிகர்கள்.

இத்தனை பேரும் சேர்ந்து சுதந்திரம் கேட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1967 ஆகஸ்ட் தேர்தலில் சுமார் 44 விழுக்காடு வாக்குகள் சுதந்திரத்தை எதிர்த்த துவாலின் கட்சிக்கே விழுந்தன. வெள்ளைக்காரன் போனால் இந்து பெரும்பான்மை நம்மை விழுங்கிவிடும் என்ற அச்சம் கிரியோல் மக்களிடம் இருந்தது. 1968 ஜனவரியில் துறைமுக நகரான போர்ட் லூயிஸில் கிரியோல்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம் மூண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது. தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். முஸ்லிம்கள் ரோஷ் புவாப் பகுதியை விட்டும், கிரியோல்கள் பிளேன் வெர்த் பகுதியை விட்டும் போனார்கள். அந்தக் காயம் ஆறுவதற்குள், மார்ச் 12 அன்று, ஷாம் தெ மார்ஸ் குதிரைப் பந்தய மைதானத்தில் சுதந்திர நாட்டின் நான்கு நிறக் கொடி ஏறியது.

அச்சத்தைத் தணிக்கச் செய்த ஏற்பாடுதான் நான்கு பெட்டிகள். இந்து, முஸ்லிம், சீனர், ‘பொது மக்கள்’ என்று அரசியலமைப்பே மக்களைப் பிரித்தது. தேர்தலில் நிற்பவர் தாம் எந்தப் பெட்டி என்று அறிவிக்க வேண்டும். அறுபத்திரண்டு பேர் வாக்கில் வெல்வார்கள். பிரதிநிதித்துவம் குறைந்த சமூகங்களுக்காக, தோற்றவர்களில் நல்ல வாக்கு வாங்கிய எட்டுப் பேர் வரை சேர்க்கப்படுவார்கள். சிறுபான்மையினர் வாசலில் நிற்காமல் உள்ளே உட்கார வழி செய்த ஏற்பாடு அது. அந்தக் காலத்துக்கு அது தேவைப்பட்டது என்றே நான் சொல்வேன்.

ஆனால் நான்காவது பெட்டியைத் திறந்து பாருங்கள். வாழ்க்கை முறையைப் பார்த்தால் மற்ற மூன்றிலும் சேராதவர் யாரோ, அவரெல்லாம் அதில். கரும்புத் தோட்டத்தின் வெள்ளை முதலாளியும், அதே தோட்டத்தில் சவுக்கடி பட்ட அடிமையின் கொள்ளுப்பேரனும் ஒரே கணக்கு! தமிழர்களும் தெலுங்கர்களும் மராட்டியர்களும் இந்துப் பெட்டிக்குள் போனார்கள்.

1972-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமூகம் எது என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அந்த எட்டு இடங்களைப் பங்கிட எண்ணிக்கை வேண்டுமே? அதற்கு 1972-இன் கணக்கையே வைத்துக்கொண்டார்கள். 2024 தேர்தல் வரைக்கும் அந்தக் கணக்குதான்.

பெட்டிக்குள் இருப்பவருக்கு அளவு பார்க்கும் குணம் தானாக வந்துவிடும். 1998-இல் தலைவர்களின் முகங்களோடு புதிய நோட்டுகள் வந்தபோது, இந்தி மேலேயும் தமிழ் கீழேயுமாக அச்சாகியிருந்தது. தமிழர்கள் கொதித்தார்கள். எங்கள் முன்னோர் முதலில் வந்தார்கள், எங்கள் எழுத்து ஏன் கீழே போனது என்று கேட்டார்கள். அரசு பணிந்து அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. இன்று வரிசை ஆங்கிலம், தமிழ், இந்தி. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், கிரியோல்களின் ரோஷ் புவாவில் பிறந்த பாடகர் கயா போலீஸ் காவலில் இறந்து கிடந்தார். சேகா இசையையும் ரெகேயையும் கலந்து ‘செகே’ பாடியவர், கிரியோல் இளைஞர்களின் உயிர். தீவு சில நாட்கள் பற்றி எரிந்தது. அப்போதைய குடியரசுத் தலைவர் காசாம் உத்தீம் தெருவில் இறங்கி மக்களிடம் பேசி அமைதிப்படுத்தினார். தமிழர்கள் கேட்டது எழுத்தின் இடத்தை. ரோஷ் புவா கேட்டது உயிருக்கு மதிப்பை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

இன்று தெருவில் நின்று பார்த்தால் வேறு நாடு தெரிகிறது. தால்பூரி வண்டியின் முன் எல்லோரும் நிற்கிறார்கள். வேகவைத்து அரைத்த பருப்பை உள்ளே வைத்துத் திரட்டிய மெல்லிய ரொட்டி. அதை ஜோடியாகத்தான் கொடுப்பார்கள், பீன்ஸ் குழம்பும் தக்காளிச் சாறும் தடவி, காகிதத்தில் சுருட்டி. பக்கத்தில் ‘காத்தோ பிமா’, நம் பருப்பு வடையேதான். தைப்பூசக் காவடிக்கு நாடு முழுவதும் விடுமுறை. காவடி முடிந்து வாழையிலையில் போடும் சாப்பாட்டுக்கு ‘செத் காரி’, அதாவது ஏழு கறி, என்று கிரியோல் மொழியில் பெயர்.

அந்த மொழிதான் பெரிய மாற்றம். அடிமைகளின் கொச்சை என்று ஒருகாலத்தில் இகழப்பட்ட கிரியோலை, 2022 கணக்கெடுப்பில் தொண்ணூறு விழுக்காட்டினர் வீட்டு மொழி என்றார்கள். நாடகாசிரியர் தேவ் விராசாமி வாழ்நாளெல்லாம் அதற்காக எழுதினார். 2009-இல் அர்னோ கார்ப்பூரான் முழு அகராதி தந்தார். 2012-இல் தொடக்கப் பள்ளியில் விருப்பப் பாடமாக நுழைந்தது. தமிழ்க் குழந்தையும் சீனக் குழந்தையும் சண்டை போடுவது அந்த மொழியில்தான். 1968-இன் அரசியலமைப்போ நாடாளுமன்றத்தில் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் இடம் வைத்தது, இதற்கு வைக்கவில்லை.

அதே கிரியோலில் ‘நூ பான்’ என்றொரு சொல் உண்டு. ‘நம்ம ஆளுங்க’ என்று பொருள். வேலைக்கும் வாக்குக்கும் சாதி மதம் பார்ப்பதை அந்த ஊரார் ‘நூபானிசம்’ என்றே திட்டுகிறார்கள். திட்டுவதற்குச் சொல் இருக்கிறது என்றால் நோய் இன்னும் போகவில்லை. ஆனாலும் பெட்டியை மறுத்தவர்கள் வந்துவிட்டார்கள். ‘ரெசிஸ்தான்ஸ் எக் ஆல்தெர்னாதிவ்’ என்ற இயக்கத்தினர் 2005-இல் சமூகத்தை அறிவிக்க மறுத்தார்கள், வேட்புமனுக்கள் தள்ளுபடியாயின. அவர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போய் 2012-இல் தங்கள் பக்கம் கருத்துப் பெற்றார்கள். 2014-இல் அந்த ஒரு தேர்தலுக்கு மட்டும் அறிவிக்கத் தேவையில்லை என்று சட்டம் வந்தது. இயக்கத்தின் முன்னணித் தலைவர் அஷோக் சுப்ரோன் 2024-இல் அமைச்சரானார்.

ஐம்பது ஆண்டுக்கு முந்தைய கணக்கை வைத்து இன்றைய பிள்ளைகளைப் பங்கிடுவது முடிய வேண்டும். அதே நேரம், பெட்டியை எடுத்தால் ரோஷ் புவாவுக்கு இருக்கும் கொஞ்ச இடமும் போய்விடக் கூடாது. சுதந்திரத்துக்குப் பின் 2024 வரை பிரதமரானவர்கள் ஐந்தே பேர். அவர்களில் நால்வர் இரண்டு குடும்பத்தினர். 2003-இல் வந்த பால் பெராஞ்சே பிரெஞ்சு வழியினர். அடிமைகளின் வழிவந்த கிரியோல் ஒருவர்கூட அந்த நாற்காலியில் உட்காரவில்லை.