உங்களுக்குத் தெரியுமா? சுவருக்குள் இருக்கும் கறையானை வெப்பம் காட்டிக்கொடுக்கும்!

மலேசியாவின் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கியது. அங்கே கொழுந்து பறித்த தமிழர்கள் பலகைச் சுவர் லயங்களில் (வரிசை வீடுகளில்) வாழ்ந்தார்கள். பலகை உளுத்துக் கையோடு வரும்வரை கறையான் புகுந்தது தெரியாது. இன்று வெப்பப்படக் கேமரா உதவுகிறது. அது சுவரை ஊடுருவிப் பார்ப்பதில்லை. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சுவரின் மேற்பரப்பு வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களை மட்டுமே அது படிக்கிறது. 1800இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த அதே கதிர்கள்தான்.

கூட்டமாக வாழும் கறையான்களின் உடல்சூடு சுவரைச் சற்றே சூடாக்கும். அவை கொண்டுவரும் ஈரம் ஆவியாகும்போது சுவர் குளிரவும் செய்யும். இந்தச் சிறிய வெப்ப வேறுபாடு திரையில் தனி நிறத் திட்டாகத் தெரியும். வெயில் சுவரில் விழுமுன் விடியற்காலையில் படமெடுப்பது நல்லது. வெயிலில் காய்ந்த பலகையில் இந்த நுண்ணிய வேறுபாடு மறைந்துவிடும்.

தண்ணீர்க் குழாய்க் கசிவும் இதே போன்ற திட்டைக் காட்டும். அதனால் படத்தை மட்டும் நம்பி மருந்தடிக்கக் கூடாது. ஈரமானியால் அளந்து, பலகையைத் தட்டி, கறையான் கட்டும் மண் குழாய் தென்படுகிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். கறையான் பலகையை மட்டும் குடைவதில்லை; இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உயிருள்ள தேயிலைச் செடியின் தண்டையே குடையும் கறையான் இனங்களும் உண்டு!