கம்ப்யூட்டரில் நீங்களே ஒரு பாட்டு போடலாம்!

வீட்டில் இருக்கும் ஒரே கீபோர்டு கம்ப்யூட்டரின் கீபோர்டுதானா? கவலை வேண்டாம், ஒரு பாட்டு போட அதுவே போதும். ஸ்வரம் எழுதத் தெரியாதவர்களும் எளிய பாட்டு ஒன்றை அமைக்க உதவும் மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றுள் நான் பல வருடமாகப் பயன்படுத்தி வருவது பேண்ட் இன் எ பாக்ஸ். கனடாவின் விக்டோரியா நகரில் உள்ள பிஜி மியூசிக் நிறுவனம் 1990-ல் இதன் முதல் பதிப்பை வெளியிட்டது. இன்றும் விண்டோஸ், மேக் இரண்டுக்கும் கிடைக்கிறது. இலவசம் அல்ல, விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

கம்ப்யூட்டர் எப்படி இசையமைக்கிறது? அதற்கு இசை ஞானம் ஏதும் கிடையாது. ஒவ்வொரு ஸ்டைலுக்குள்ளும் டிரம்ஸ், பேஸ், பியானோ, கிட்டார், ஸ்டிரிங்ஸ் என்று ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஏராளமான சின்னச் சின்னத் துணுக்குகளைத் தயாராக வைத்திருக்கிறார்கள். நீங்கள் கொடுக்கும் கார்டுக்கு ஏற்றதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் எடுத்து, ஸ்ருதி மாற்றி ஒட்டுகிறது. அதனால்தான் அதே பாட்டை மறுபடி உருவாக்கச் சொன்னால் கொஞ்சம் வேறாக வாசிக்கும். இந்த யோசனை புதிதல்ல. 1790-களில் மொசார்ட் பெயரில் அச்சான ஒரு விளையாட்டில், இரண்டு பகடைகளை உருட்டி, 176 இசைத் துணுக்குகளிலிருந்து 16-ஐப் பொறுக்கி ஒரு நடன இசையை உண்டாக்கினார்கள். கம்ப்யூட்டர் பகடையை வேகமாக உருட்டுகிறது, அவ்வளவுதான்!

இனி செய்முறைக்கு வருவோம். என் அக்கா மகள் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. ஆண்டு விழாவுக்கு, "மாமா, சினிமா பாட்டு வேண்டாம், பிள்ளைகளுக்கு நாமே ஒண்ணு போடுவோம்" என்றாள். ஸ்டுடியோவுக்குப் போகப் பள்ளியில் பணம் இல்லை. அவள் எழுதிய நான்கு வரிகளில் முதல் இரண்டு இவை: "மலை மேல மேகம் கூடுது, மடை தாண்டித் தண்ணி ஓடுது." ஒரு வரிக்கு இரண்டு பார், ஆக மொத்தம் எட்டு பார். பார் என்பது நான்கு பீட் கொண்ட ஒரு தாளச் சுற்று.

மென்பொருளைத் திறந்ததும் கட்டம் கட்டமாக ஒரு தாள் தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு பார். முதல் கட்டத்தில் கிளிக் செய்து சி என்று டைப் செய்து எண்டர் தட்டவும். ஒரு எண்டருக்கு அரை பார் நகரும், அடுத்த கட்டத்துக்குப் போக இரண்டு முறை தட்ட வேண்டும். நான் கொடுத்த வரிசை: சி, ஏ மைனர், எஃப், ஜி7, மறுபடி சி, ஏ மைனர். ஏழாவது கட்டத்தில் முன்பாதி எஃப், பின்பாதி ஜி7. எட்டாவதில் சி. ஏ மைனருக்கு ஏ எழுத்துடன் சின்ன எம் சேர்த்தால் போதும்.

கார்டு என்றால் பயப்பட வேண்டாம். சில ஸ்வரங்களை ஒன்றாக ஒலிப்பதுதான் கார்டு. சி-யை ஸ என்று வைத்துக்கொண்டால் சி கார்டு என்பது ஸ க ப, ஏ மைனர் என்பது த ஸ க, எஃப் என்பது ம த ஸ. நான் சொன்ன கார்டுகள் எல்லாமே சங்கராபரண ஸ்வரங்களுக்குள் அடங்கிவிடும்.

பாட்டு எட்டாவது பாரில் முடிகிறது என்று குறிப்பிட்டு, எத்தனை முறை என்பதில் 3 கொடுக்கவும். டெம்போ 96 வைத்தேன். 32 பீட்டுக்கு 20 விநாடி, மூன்று சுற்றுக்குச் சரியாக ஒரு நிமிடம். முடிவு இசையை மென்பொருளே சேர்த்துவிடும். பார் எண்ணின் மேல் கிளிக் செய்தால் ஏ, பி என்ற அடையாளங்கள் மாறி மாறி வரும். ஐந்தாவது பாரில் பி வைத்தால், அதற்கு முந்தைய பாரில் டிரம்ஸ் ஒரு உருட்டு உருட்டி, பிறகு வாசிப்பு மாறும். இந்த ஒரு கிளிக்கில் பாட்டுக்கு வரும் உயிர் ஆச்சரியமானது. பிறகு ஸ்டைல் பட்டியலில் பிடித்ததைத் தேர்ந்து பிளே பட்டனை அழுத்தினால் பின்னணி இசை தயார்!

இதுவரை எல்லாம் சுலபம். மெட்டுதான் கஷ்டம். மெலடிஸ்ட் என்ற வசதி மெட்டையும் தானே போடும். கார்டுகளை நாம் ஏற்கனவே கொடுத்துவிட்டதால் மெலடியை மட்டும் உருவாக்கச் சொல்லலாம். பிடிக்காவிட்டால் மறுபடி கேளுங்கள், அது அலுத்துக்கொள்ளாது. ஏழெட்டு முறைக்குப் பிறகு அழகான ஒன்று வந்தது. முதல் ஸ்வரம் இரண்டு பீட் நீளம், அடுத்தது குட்டையாக. வார்த்தையைச் சேர்த்துப் பாடிப் பார்த்தால் "மாலை மேல மேகம் கூடுது" என்று காதில் விழுந்தது! மலை போய் மாலை வந்துவிட்டது.

தமிழில் பாட்டு போடும் யாரும் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். நம் மொழியில் குறிலை இழுத்தால் பொருளே மாறிவிடும். படம் பாடமாகும், கல் காலாகும், எடு ஏடாகும். இது மெலடிஸ்டுக்குத் தெரியாது. வரிகளை அது படிப்பதே இல்லையே! எனவே முதலில் வரிகளைக் கைத்தட்டிக்கொண்டே சத்தமாகப் படித்து, நெடில் எழுத்துகளின் கீழ் கோடு போடுங்கள். நீண்ட ஸ்வரங்கள் அந்த இடங்களில் விழ வேண்டும். விழாவிட்டால் வார்த்தையை மாற்றலாம். "வானம் எங்கும்" என்று ஆரம்பித்திருந்தால் அந்த மெட்டு அப்படியே பொருந்தியிருக்கும். ஆனால் பள்ளிக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு மலை இருக்கிறது, அதை விட அக்கா மகள் சம்மதிக்கவில்லை. எனவே நோட்டேஷன் விண்டோவைத் திறந்து, எடிட் செய்யும் நிலைக்கு மாற்றி, முதல் இரண்டு ஸ்வரங்களையும் அரை பீட்டாகச் சுருக்கி, மிச்ச நீளத்தை "மே"வுக்குக் கொடுத்தேன். மலை திரும்பி வந்தது. இந்த ஒரு திருத்தத்துக்குப் பிடித்த நேரம், மற்ற வேலை எல்லாவற்றையும்விட அதிகம்.

அடுத்தது ஸ்ருதி. சி என்பது நம் கணக்கில் ஒரு கட்டை, ஜி ஐந்து கட்டை. பிள்ளைகளைப் பாடவைத்துப் பார்த்து, மேல் ஸ்வரத்தில் தொண்டை இறுகினால் குறைக்கவும். கீ பட்டனை அழுத்தினால் இரண்டு வரிசைகள் வரும். ஒன்று பாட்டையே ஸ்ருதி மாற்றும், மற்றொன்று கீயின் பெயரை மட்டும் மாற்றும். நமக்கு வேண்டியது முதல் வகை. கார்டுகள், மெட்டு எல்லாம் சேர்ந்து நகர்ந்துவிடும்.

மெட்டு மனதிலேயே ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு எதிர்வழியில் வேலை செய்யும் மென்பொருளும் உண்டு. 2009-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட சாங்ஸ்மித், மைக்கில் பாடினால் அதற்கேற்ற கார்டுகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. சுனோ போன்ற இணைய வசதிகளோ வரிகளை டைப் செய்தால் குரலோடு முழுப் பாட்டையே தந்துவிடுகின்றன. வேடிக்கைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் பாட வேண்டிய பாட்டுக்கு, ஒவ்வொரு பாரையும் நான் பார்த்துத் திருத்த முடிகிற பழைய முறையே எனக்குப் பிடிக்கிறது. சொந்த மெட்டு என்பதால் விழா வீடியோவை யூடியூபில் போடும்போது சினிமா பாட்டு உரிமைப் பிரச்சினையும் வராது.

பாட்டைச் சேமிக்கும்போது மெட்டு இருந்தால் எம்ஜியு, இல்லாவிட்டால் எஸ்ஜியு என்ற பெயர் நீட்டிப்புடன் கோப்பு உருவாகும். அதை எல்லா மென்பொருளிலும் திறக்க முடியாது. மிடி கோப்பாகக் கொடுத்தாலும் கவனம் தேவை. மிடியில் ஒலி கிடையாது, எந்த ஸ்வரத்தை எப்போது வாசிப்பது என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கும். உங்கள் கம்ப்யூட்டரில் நிஜ வயலின்போல் கேட்டது வேறொன்றில் பொம்மைப் பீப்பிபோல் கேட்கலாம். எனவே வேவ் அல்லது எம்பி3 கோப்பாக மாற்றிக் கொடுங்கள். அதிலும் இரண்டு பிரதி எடுக்கவும்: ஒத்திகைக்கு மெட்டுடன் ஒன்று, மேடைக்கு மெட்டை மியூட் செய்து ஒன்று. கோப்பின் பெயரிலேயே எது எது என்று எழுதிவிட்டால், விழா அன்று மைக் செட்காரர் தவறானதைப் போட மாட்டார்.